கார் யார் பெயரில், கடன் யார் தலையில்?

கேள்வி இதுதான்: “பழைய கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். அதை வாங்கி, நண்பருடன் சேர்ந்து டெலிவரி தொழில் ஆரம்பிக்கப் போகிறோம். கார் என் பெயரில் இருக்கும், வங்கிக் கணக்கும் என் பெயரில்தான். கம்பெனி பெயரில் பதிவு செய்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். சட்டப்படி எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?”

மூன்று வரிக் கேள்வியில் ‘பெயர்’ என்ற சொல் மூன்று முறை வந்துவிட்டது. உங்கள் சிக்கல் முழுவதும் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. கார் வாங்குகிறவர்களும் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களும் விலையைப் பற்றி வாரக்கணக்கில் யோசிக்கிறார்கள். எந்தத் தாளில் யார் பெயர் ஏறுகிறது என்பதைக் கடைசி அரைமணி நேரத்துக்கு விட்டுவிடுகிறார்கள். பிறகு வருகிற வழக்குகளில் பெரும்பாலானவை அந்த அரைமணி நேரத்தில் பிறந்தவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் நாடுகளின் வணிகச் சட்டம் இங்கிலாந்துச் சட்டத்தின் வேரிலிருந்து வளர்ந்தது. அதனால் அடிப்படைகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய விதியைச் சொல்லும்போது அந்த நாட்டின் பெயரையும் சேர்த்தே சொல்கிறேன்.

காரிலிருந்து தொடங்கலாம். என்ஜின் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், விற்பவருக்கு அதை விற்க உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். தன்னிடம் இல்லாத ஒன்றை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது என்பது மிகப் பழைய சட்டக் கொள்கை. திருட்டுக் காரை முழு விலை கொடுத்து, நல்ல மனதோடு வாங்கினாலும் அது உங்களுடையது ஆகாது.

1923இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு வந்தது. கார் வியாபாரி ஒருவர் ஒரு காரை வாங்கி, பெயின்ட் அடித்து, வேறொருவருக்கு விற்றார். வாங்கிச் சில மாதங்கள் கழித்து, அது திருட்டுக் கார் என்று போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. வியாபாரி தன் வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தனக்கு விற்றவர் மீது வழக்குப் போட்டார். “இத்தனை மாதம் கார் பயன்பட்டதே, அதைக் கழித்துக்கொள்ளுங்கள்” என்று எதிர்த்தரப்பு வாதாடியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர் பணம் கொடுத்தது காரின் உரிமைக்காக, அது கைக்கு வரவே இல்லை, ஆகவே முழு விலையையும் திருப்பிக் கொடு என்றது. இந்தியாவின் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் 14ஆம் பிரிவிலும் இதே கொள்கைதான்: விற்கும் உரிமை தனக்கு இருக்கிறது என்ற நிபந்தனை, எழுதாவிட்டாலும் விற்பனைக்குள் அடங்கியிருக்கிறது.

சட்டம் உங்கள் பக்கம். சரி, ஆனால் அந்த விற்பனையாளரைக் கண்டுபிடிக்க முடிந்தால்தானே பணம் திரும்பும்? அதனால்தான் அடையாள அட்டையை வாங்கிப் பாருங்கள் என்று சொல்கிறேன். அட்டையில் உள்ள பெயரும் பதிவுச் சான்றில் உள்ள பெயரும் ஒன்றா? இல்லை, “அண்ணன் வண்டிதான், நான் விற்றுக் கொடுக்கிறேன்” என்கிறாரா? அப்படியானால் அந்த அண்ணனிடமே பேசுங்கள். அவர் கையெழுத்து இல்லாமல் பணம் நகரக் கூடாது. இன்னொன்று, பதிவுச் சான்றே உரிமைக்குக் கடைசிச் சாட்சி என்று எல்லா நாட்டிலும் எடுத்துக்கொள்ள முடியாது. பிரிட்டனில் கொடுக்கும் வாகனப் பதிவுப் புத்தகத்திலேயே, இது உரிமைக்கான ஆதாரம் அல்ல என்று அச்சிட்டிருக்கிறார்கள். வண்டியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் யார் என்பதைத்தான் அது காட்டுகிறது.

அடுத்தது கடன். காரின் மேல் வங்கிக் கடன் இருந்தால் அது காரோடு சேர்ந்தே வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவணை கட்டாமல் விட்டவர் பழைய உரிமையாளர், வண்டியைத் தூக்கிக்கொண்டு போவது உங்கள் வாசலிலிருந்து. இந்தியாவில் ஆர்சி என்னும் பதிவுச் சான்றிலேயே ஹைப்போதிகேஷன், அதாவது வண்டி கடனுக்கு ஈடாக இருக்கிறது என்ற பதிவு இருக்கும். கடன் முடிந்தது என்று வாயால் சொன்னால் போதாது. வங்கியின் தடையில்லாச் சான்றும், அந்தப் பதிவை நீக்க உரிமையாளரும் வங்கியும் கையெழுத்திட்ட படிவம் 35ம் வேண்டும். கடன் பாக்கி இருக்கும் காரை வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பாக்கித் தொகையை விற்பவர் கையில் கொடுக்காமல் நேராக வங்கியில் கட்டுங்கள்.

இனி வண்டியிடம் போகலாம். பெரும்பாலான கார்களுக்கு எழுத்தும் எண்ணுமாக 17 இலக்கம் கொண்ட அடையாள எண் உண்டு. ஆங்கிலத்தின் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று எழுத்துகள் அதில் வராது, ஒன்றோடும் சுழியத்தோடும் குழம்பிவிடும் என்பதால். இருந்தால் தாளில் தப்பு, அல்லது தகட்டில் தப்பு. பகல் வெளிச்சத்தில் தேடுங்கள். பல கார்களில் முன்கண்ணாடியின் அடிப்பக்கத்திலும், கதவு மூடும் இடத்துத் தூணிலும், சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்திலும் அந்த எண் இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே எண்தானா, அது தாளோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள். சேஸிஸில் பொறித்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஓர் எழுத்து மட்டும் ஆழம் மாறித் தெரிந்தாலோ, அதைச் சுற்றி மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

விற்பவர் வியாபாரியா, தனிநபரா என்பது பலரும் கண்டுகொள்ளாத கேள்வி. சட்டத்தின் கண்ணில் இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. இரண்டு இங்கிலாந்து வழக்குகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் விளங்கும். 1957இல் பதிவான வழக்கில், தனிநபர் ஒருவர் தன் காரை 1948ஆம் ஆண்டு மாடல் என்று சொல்லி ஒரு வியாபாரியிடம் கொடுத்தார். பதிவுப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. உண்மையில் அது 1939 மாடல், அவருக்கு முன்னால் யாரோ புத்தகத்தைத் திருத்தியிருந்தார்கள். அவர் நம்பியதைத்தான் சொன்னார், அந்தச் சொல் ஒப்பந்தத்தின் பகுதி ஆகாது என்று தீர்ப்பானது. கண்டுபிடித்திருக்க வேண்டியவர் கார் தெரிந்த வியாபாரிதான். 1965இல் பதிவான இன்னொரு வழக்கில் நிலைமை தலைகீழ். புது என்ஜின் போட்டபின் 20,000 மைல்தான் ஓடியது என்று வியாபாரி சொன்னார், உண்மையில் ஓடியிருந்தது சுமார் ஒரு லட்சம் மைல். இங்கே வியாபாரி மாட்டிக்கொண்டார். ஒரே மாதிரி வாக்குறுதிதான். உண்மையை அறியும் வசதி யாரிடம் இருந்தது என்பதே தீர்ப்பைத் திருப்பியது.

இன்றைய நுகர்வோர் சட்டங்களும் இந்தக் கோட்டை ஒட்டியே போகின்றன. பிரிட்டனில் 2015ஆம் ஆண்டு சட்டப்படி, வியாபாரியிடம் வாங்கிய காரில் வாங்கும்போதே குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள விதிப்படி, கொடுத்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது முதலிலிருந்தே இருந்தது என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் வேலை. பழைய காருக்கும் இது உண்டு. இதே காரைத் தனிநபரிடம் வாங்கினால் இந்தக் குடைகள் பெரும்பாலும் மடங்கிவிடும். அமெரிக்காவில் வியாபாரியிடம் வாங்கினாலும் காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வாங்குவோர் அறிவிப்பைப் படித்தாக வேண்டும். ‘உள்ளபடியே’ என்ற கட்டத்தில் டிக் இருந்தால் வாரண்டி இல்லை என்று பொருள். அப்புறம், மூன்று நாளுக்குள் எந்தக் காரையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அங்கே பலர் நம்புகிறார்கள். அந்த மூன்று நாள் விதி வீட்டு வாசலில் வந்து விற்கிறவர்களுக்காக வந்தது. ஷோரூமுக்குப் போய் வாங்கிய காருக்கு அது பொருந்தாது.

ஆகவே வாயால் சொன்னதை எழுத்துக்குக் கொண்டுவாருங்கள். நீளமான ஒப்பந்தம் தேவையில்லை. தேதி, நேரம், இருவர் பெயர் முகவரி, பதிவு எண், 17 இலக்க எண், ஓடிய தூரம், விலை, பணம் போன வழி, இவ்வளவும் ஒரு தாளில் வரட்டும். கூடவே இப்படி ஒரு வரி: “இந்த வாகனத்தின் மீது கடனோ வழக்கோ இல்லை, பெரிய விபத்தில் சிக்கியதில்லை, மீட்டர் மாற்றப்படவில்லை என்று விற்பவர் உறுதி கூறுகிறார்.” உண்மையாக விற்பவர் யோசிக்காமல் கையெழுத்துப் போடுவார். அந்த வரியைப் படித்ததும் பேனாவைக் கீழே வைக்கிறவர் உங்களுக்கு வேண்டிய பதிலைச் சொல்லிவிட்டார். முன்பணம் கொடுக்கிறீர்களா? வாங்காவிட்டால் அது திரும்புமா, போய்விடுமா என்பதை அந்த ரசீதிலேயே எழுதுங்கள். டோக்கன் அட்வான்ஸ் என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம் வைத்திருக்கிறார்கள்.

பணம் கொடுத்துச் சாவி வாங்கியதும் முடிந்தது என்று பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வாங்குகிறவரைவிட விற்கிறவருக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: காரை விற்றுக் கைமாறி எத்தனை பேரிடம் போயிருந்தாலும், விபத்து நடந்த நாளில் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ, நஷ்டஈட்டுப் பொறுப்பு அவருக்கே. மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். உங்கள் பழைய வண்டியை எப்போதாவது விற்றிருந்தால், இன்றே ஒருமுறை பதிவேட்டைப் பாருங்கள்.

இனி தொழில். “கம்பெனியைப் பிறகு பதிவு செய்யலாம், இப்போதைக்கு ஒன்றும் ஆரம்பிக்கவில்லை” என்று நீங்கள் இருவரும் நினைக்கிறீர்கள். சட்டம் அப்படி நினைக்காது. இரண்டு பேர் சேர்ந்து, லாபத்தைப் பகிர்ந்துகொள்வதாகப் பேசி, வேலையைத் தொடங்கிவிட்டாலே அது கூட்டாண்மை. பத்திரம் வேண்டாம், முத்திரை வேண்டாம், அலுவலகம் வேண்டாம். இந்தியாவில் 1932ஆம் ஆண்டுச் சட்டமும் பிரிட்டனில் 1890ஆம் ஆண்டுச் சட்டமும் இதைத்தான் சொல்கின்றன. அதன் விளைவுதான் கசப்பு. தொழில் நடக்கும் வழியில் உங்கள் நண்பர் வாங்கும் கடன் உங்கள் கடன். கடன் கொடுத்தவர் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். நண்பரிடம் ஒன்றும் இல்லாவிட்டால், உங்கள் சொந்தச் சேமிப்பு பதில் சொல்ல வேண்டியதுதான்.

என்னிடம் ஒருவர் தன் கைபேசியை நீட்டினார். தொழிலில் சேர்ந்த நண்பரிடமிருந்து மூன்று வருடம் முன்பு வந்த செய்தி அது: “எல்லாம் பாதிப் பாதி மச்சான்.” அவர்களுக்குள் இருந்த ஒரே ஆவணம் அதுதான். இவர் போட்டது முழு முதல், அவர் போட்டது உழைப்பு. பிரியும்போது இவர் ‘என் முதல் போக மீதி லாபம் பாதி’ என்றார், அவர் ‘வண்டி உட்பட எல்லாமே பாதி’ என்றார். அந்த நாலு வார்த்தையை இரண்டு விதமாகவும் படிக்கலாம். யாரும் பொய் சொல்லவில்லை, அதுதான் வேதனை. வேறு பேச்சு இல்லாவிட்டால் லாபமும் நஷ்டமும் சமம் என்று சட்டம் ஓர் இயல்புநிலை வைத்திருக்கிறது. யார் எவ்வளவு போட்டார்கள், எவ்வளவு உழைத்தார்கள் என்று அது பார்ப்பதில்லை. அந்த இயல்புநிலை உங்களுக்குப் பொருந்தாவிட்டால் நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

என்ன எழுதுவது? யார் எவ்வளவு போடுகிறார், அது முதலா, தொழிலுக்குக் கொடுத்த கடனா. எவ்வளவு தொகை வரை ஒருவர் மட்டும் கையெழுத்துப் போடலாம். மாதம் யார் எவ்வளவு எடுக்கலாம். இவை எளிது. ஒருவர் விலகினால், நோயில் விழுந்தால், இறந்தால் அவர் பங்கை எப்படி மதிப்பிடுவது, எத்தனை மாதத்தில் கொடுப்பது என்பதை எழுதும்போதுதான் கை தயங்கும். ‘ஆரம்பிக்கும்போதே பிரிவைப் பற்றிப் பேசுவதா, அபசகுனம்’ என்பார்கள். இன்று இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு நல்ல மனசு இருக்கிறது. நியாயமான பிரிவை எழுத இதைவிட நல்ல நாள் வராது. இந்தியாவில் என்றால், பத்திரத்தை எழுதியதோடு நிற்காமல் கூட்டாண்மையைப் பதிவும் செய்யுங்கள். பதிவு செய்யாத கூட்டாண்மை, தனக்கு வர வேண்டிய பணத்துக்காகப் பொதுவாக வெளியார் மேல் வழக்குப் போட முடியாது.

‘கம்பெனியைப் பிறகு’ என்பதற்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. 1866இல் இங்கிலாந்தில் சிலர் ஒரு ஹோட்டல் கம்பெனி தொடங்கப் போவதாகச் சொல்லி, அந்தக் கம்பெனியின் சார்பில் என்று கையெழுத்திட்டு ஒயின் சரக்கு வாங்கினார்கள். சரக்கு வந்தது, செலவும் ஆனது. கம்பெனி பிறகுதான் பதிவானது, பணம் கொடுப்பதற்குள் விழுந்துவிட்டது. அன்றைக்கு இல்லாத ஒருவருக்காகக் கையெழுத்துப் போட முடியாது, எனவே போட்டவர்களே பணம் கட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். சிங்கப்பூரில், பதிவான பின் கம்பெனி அந்த ஒப்பந்தத்தை ஏற்றுக்கொள்ள வழி உண்டு, ஆனால் ஏற்கும்வரை கையெழுத்திட்டவர்தான் பொறுப்பு. ஆகவே இடம் வாடகைக்கு எடுப்பது, வண்டி வாங்குவது, ஆள் சேர்ப்பது எல்லாவற்றையும் பதிவுக்கு அடுத்த நாளுக்குத் தள்ளிவைக்க முடிந்தால் தள்ளிவையுங்கள்.

கம்பெனி ஆக்கினால் என்ன கிடைக்கும்? ஒரு சுவர். 1896 நவம்பரில் லண்டனில் பூட்ஸ் தயாரித்த ஒருவரின் வழக்கில், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அந்தச் சுவரைக் கட்டியது. மொத்தம் 20,007 பங்குகளில் 20,001 அவருடையது, மீதி ஆறும் குடும்பத்தாரிடம். கம்பெனி நொடித்ததும், ‘எல்லாம் இவர்தானே, இவரே கடனைக் கட்டட்டும்’ என்றார்கள். கம்பெனி வேறு, அவர் வேறு என்பது தீர்ப்பு. இன்று உலகம் முழுக்கச் சிறு தொழில்கள் அந்தச் சுவரின் நிழலில்தான் நிற்கின்றன.

அந்தச் சுவரைப் பலர் தங்கள் கையெழுத்தாலேயே இடிக்கிறார்கள். புதுக் கம்பெனிக்கு வங்கி கடன் கொடுக்கும்போது இயக்குநரின் தனிப்பட்ட ஜாமீனைக் கேட்கும். கடைக்கு வாடகை ஒப்பந்தம் என்று பத்துப் பக்கம் வரும், எட்டாம் பக்கத்தில் அதே ஜாமீன் இருக்கும். ஜாமீன் போட்டவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம் என்பது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு. கடன் வாங்கியவரிடம் முதலில் கேட்டு, கிடைக்காவிட்டால்தான் உங்களிடம் வருவார்கள் என்று எண்ண வேண்டாம். ஜாமீனைத் தவிர்க்கவே முடியாதபோது மூன்று விஷயம் கேளுங்கள்: தொகைக்கு ஓர் உச்சவரம்பு, காலத்துக்கு ஒரு முடிவு, நீங்கள் தொழிலை விட்டு விலகினால் விடுவிப்பு. கேட்டால் சில நேரம் கொடுக்கிறார்கள், கேட்காதவருக்குக் கிடைப்பதே இல்லை.

‘படிக்காமல் போட்டுவிட்டேன்’ என்பதும் காப்பாற்றாது. 1934இல் பதிவான வழக்கு ஒன்று இருக்கிறது. வேல்ஸில் கஃபே நடத்திய ஒரு பெண்மணி சிகரெட் விற்கும் தானியங்கி இயந்திரம் ஒன்றை வாங்கினார். பழுப்புத் தாளில் ஆர்டர் படிவம், அதில் பொடிப்பொடி எழுத்தில் எழுதப்படாத உத்தரவாதம் எதுவும் கிடையாது என்ற நிபந்தனை. இயந்திரம் சரியாக வேலை செய்யவில்லை. அவர் அந்தப் பொடி எழுத்தைப் படிக்கவில்லை என்பதை நீதிமன்றம் நம்பியது. ஆனாலும் ஏமாற்றோ பொய்யோ இல்லாதபோது கையெழுத்துப் போட்டவர் கட்டுப்பட்டவரே என்றது. அதன் பிறகு நுகர்வோரைக் காக்கப் பல சட்டங்கள் வந்துவிட்டன. தொழிலுக்காக வாங்குகிறவருக்கு அவற்றில் பாதிகூடக் கிடைப்பதில்லை. டெலிவரிக்காகக் கார் வாங்கும் நீங்களும் சில நாட்டுச் சட்டங்களில் ‘நுகர்வோர்’ என்ற கூரையின் வெளியே நிற்கக்கூடும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது வெறும் பெயரைப் போடாதீர்கள். கம்பெனியின் முழுப் பெயர், ‘சார்பில்’ என்ற சொல், அதன் கீழ் உங்கள் பெயர், பதவி என்று வர வேண்டும். கம்பெனிக் கணக்கிலிருந்து வீட்டுச் செலவும், வீட்டுக் கணக்கிலிருந்து சரக்கும் வாங்கிக் கலந்துவிட்டால், எப்போதாவது ஒரு நீதிபதி ‘சுவரே இல்லையே’ என்று சொல்ல நீங்களே இடம் கொடுக்கிறீர்கள்.

தொழிலுக்கு வைக்கும் பெயரைப் பற்றிச் சுருக்கமாக: பதிவாளர் ஒரு பெயரை ஏற்றுக்கொண்டார் என்பதால் அது டிரேட்மார்க் ஆகிவிடாது. போர்டு எழுதுவதற்கு முன் டிரேட்மார்க் பதிவேட்டிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

சரி, உங்கள் கார். உங்கள் பெயரிலேயே வாங்குவதில் தவறில்லை, ஆனால் அதைத் தொழிலுக்குக் கொடுப்பது எப்படி என்று எழுதிக்கொள்ளுங்கள். வாடகைக்கா, உங்கள் முதலின் பங்காகவா? பங்காகப் போட்டால் அது கூட்டாண்மையின் சொத்து, பிரியும்போது முழுதாக உங்களுக்குத் திரும்பாது. வாடகை என்றால் வண்டி உங்களுடையதாகவே இருக்கும். இரண்டில் எதுவானாலும் காப்பீட்டு நிறுவனத்திடம், இந்தக் காரில் கூலிக்குச் சரக்கு போகும் என்று எழுத்தில் சொல்லுங்கள். சொந்த உபயோகத்துக்கான பாலிசி பொதுவாக இதற்குப் பாதுகாப்புத் தராது. இந்தியாவின் வழக்கமான தனியார் கார் பாலிசியில், வாடகைக்கு ஓட்டுவதும் சரக்கு ஏற்றுவதும் விலக்கு என்று பயன்பாட்டு வரம்புப் பகுதியிலேயே இருக்கும். அங்கே பதிவையும் வணிக வாகனமாக மாற்ற வேண்டிவரும். காரை நண்பர் ஓட்டப் போகிறார் என்றால் அவர் உரிமமும் அந்த வகை வண்டிக்குச் செல்லுமா என்று பாருங்கள்.

இந்த வாரம் முன்பணம் கேட்கிறார்கள் என்றால் கொடுக்காதீர்கள். முதலில் நண்பரோடு உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதுங்கள், அதை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், காப்பீட்டு நிறுவனத்தின் பதிலை வாங்குங்கள். பிறகு 17 இலக்கத்தைச் சரிபார்க்கப் போகும்போது நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர் தாளில் ஒப்பிடலாம்.